முதிய படைவீரர்கள் தங்கும் இல்லங்களில் பராமரிப்பை மேம்படுத்துவது எப்படி: இரவுப் பணியிலிருந்து தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

முன்னாள் படைவீரர்கள் தங்கியிருக்கும் முதியோர் இல்லம் ஒன்றுக்கு, நன்கொடையாளர் வரும் நாளில் போய்ப் பாருங்கள். தரை பளபளக்கும். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. பெரியவர்கள் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். "ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று பதில் வரும். இருபது வருடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நின்று பழகியவரின் பதில் அது. மேலதிகாரி வரும் நாளில் குறை சொல்லக் கூடாது என்பது அவர் உடம்பில் ஊறிப்போன பாடம். அந்த "ஒன்றுமில்லை"யை நம்பி நடக்கும் இல்லத்தில், படுக்கைப் புண் ஆழமாகும் வரை யாருக்கும் தெரிய வராது.

இந்தியாவில் படைவீரர்களுக்கென்றே நடத்தப்படும் இல்லங்கள் குறைவு. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட வீரர்களுக்குப் புனேயை ஒட்டிய கட்கியிலும் பஞ்சாபின் மொஹாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. மற்றபடி, குடும்பத்துடன் இருக்க முடியாதவர்கள் பலர் பொதுவான முதியோர் இல்லங்களில்தான் தங்குகிறார்கள். உங்கள் இல்லத்தில் நூறு பேரில் ஐந்து பேர் மட்டுமே படைவீரர்களாக இருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்குப் பயன்படும். மேலாளர், தலைமைச் செவிலியர், அறங்காவலர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அப்பாவை இல்லத்தில் சேர்க்கப்போகும் பிள்ளைகள், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் இதைப் படிக்கலாம்.

1. இரவு பத்து மணிக்குக் கணக்கெடுப்பைத் தொடங்குங்கள்

மேம்பாடு என்றதும் பலர் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதை ஒத்திவையுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டு இரவுகள் இல்லத்தில் தங்குங்கள். அதில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும். மேற்பார்வை மிகவும் தளர்ந்திருக்கும் நேரம் அதுதான். கையில் ஒரு நோட்டு போதும்.

அழைப்பு மணி அடித்தால் ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். மணி எட்டும் இடத்தில் இருக்கிறதா, சுவரில் சுருட்டி மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் விழுந்தவர்களின் பட்டியலை எடுத்து, விழுந்த மணியையும் இடத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். விடியலுக்கு முன் கழிப்பறைக்குப் போகும் நேரமும் பணி மாறும் நேரமும் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். அடுத்து, எடை. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ தானாக எடை குறைந்தால் அது எச்சரிக்கை. 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். எடை பார்க்கும் இயந்திரமே இல்லாத இல்லங்களும் இருக்கின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்றும் எண்ணுங்கள். சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மாலை ஆறரைக்கே இட்லி கொடுத்துவிட்டு, மறுநாள் எட்டரைக்குத்தான் அடுத்த வேளை என்றால் 14 மணி நேரம். அமெரிக்க நர்சிங் ஹோம் விதிகளில் அந்த 14 மணி நேரம்தான் வழக்கமான உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால், படுக்கும் முன் சத்தான சிற்றுண்டி கொடுத்திருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இந்த இடைவெளி ஆபத்தானது. அதிகாலையில் வியர்த்துக் குழம்பி நிற்கும் பெரியவரை "புத்தி பேதலித்துவிட்டது" என்று எழுதிவைக்கும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

யார் யாருக்குத் தூக்க மாத்திரை போகிறது என்ற பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

2. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் சேவைக் குறிப்பு

மருத்துவக் கோப்பில் இரத்த அழுத்தம் இருக்கும். அந்த மனிதர் எந்த மலையில் நின்றார் என்பது இருக்காது. ஆனால் படைவீரரின் உடம்பில் பாதி விஷயங்கள் அங்கிருந்துதான் வந்திருக்கும். படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மனைவி இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கணவரின் இரவுகள் மனைவிக்குத்தான் தெரியும். யாரும் இல்லையென்றால் பழைய படைப்பிரிவு நண்பர் ஒருவரின் தொலைபேசி எண்ணாவது கிடைக்கும்.

என்ன எழுத வேண்டும்? எந்தப் பிரிவு என்பது முதலில். பீரங்கிப் படையில் இருந்தவர் என்றால் காது பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பாராசூட்டில் குதித்தவருக்கு முழங்காலும் முதுகும். சியாச்சினிலோ லடாக்கிலோ இருந்தவருக்குப் பனிக்கடியால் விரல்கள் மரத்துப்போயிருக்கலாம். அந்த விரலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் தினமும் பார்க்க வேண்டும். உடம்பில் குண்டுச் சிதறல் தங்கியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு நகர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அவசர வார்டில் கேட்கும்போது பதில் சொல்லும் நிலையில் அவர் இருக்க மாட்டார்.

எந்தப் போர்க்களம் என்பதும் முக்கியம். 1962 சீனப் போரில் இருந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 1971இல் இளைஞர்களாக இருந்தவர்கள் எழுபதுகளில் இருக்கிறார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதி காக்கும் படையில் இருந்த தமிழ் வீரர்களின் நிலை தனி. எதிரில் நின்றவர் பேசியதும் தமிழ் என்பதை அவர்களில் சிலர் வீட்டில்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். துருவிக் கேட்காதீர்கள். எழுதிவைப்பது மட்டும் போதும்.

அடுத்தது மொழி. மறதி நோய் முற்றும்போது, கிராமத்தில் பிறந்து தமிழே பேசி வளர்ந்தவர்கூட சில நேரங்களில் பட்டாளத்து ஹிந்தியில் பேசத் தொடங்கலாம். நள்ளிரவில் "பானி, பானி" என்று கேட்பவரிடம், பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வரும் பெண் "என்ன தாத்தா உளறுகிறீர்கள்" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் கேட்டது தண்ணீர். தண்ணீர், வலி, குளிர், சிறுநீர், போதும் ஆகியவற்றுக்கான ஹிந்திச் சொற்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, செவிலியர் மேசைக்கு மேல் ஒட்டுங்கள். செலவு பூஜ்யம்.

எப்படி அழைப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். சுபேதாராக ஓய்வு பெற்றவருக்கு "சாப்" என்ற ஒரு சொல் முதுகை நிமிர்த்தும். இன்னொருவர் "அதெல்லாம் முடிந்துபோன கதை, ஐயா என்றே கூப்பிடு" என்பார். எல்லோரையும் "தாத்தா" என்று அழைப்பதுதான் தவறு.

கடைசியாக, எழுப்பும் முறை. போரைப் பார்த்தவரைத் தூக்கத்தில் தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி அழையுங்கள். அடிபடும் பணியாளர்கள் பலர் இந்த ஒரு தகவல் தெரியாததால் அடிபடுகிறார்கள். பழி "முரட்டுக் கிழவர்" மேல் விழுகிறது.

3. காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

இது பராமரிப்பு இல்லை என்று நினைக்கலாம். பணம் வராவிட்டால் பராமரிப்பும் வராது. நாலு விஷயங்களை மட்டும் பாருங்கள்.

80 வயது முடிந்தவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறில் 100 சதவீதம். பதிவேட்டில் பிறந்த தேதி தவறாக இருந்தால் இது வராமல் போகும், அவரும் கேட்க மாட்டார். வங்கிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, வருடாந்திர வாழ்நாள் சான்றிதழ். விரல் ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு ஜீவன் பிரமாண் செயலியில் முக அடையாளம் மூலமே சான்று கொடுக்கலாம், படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மூன்றாவது, 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தின் அட்டை. அது இருக்கிறதா, மனைவிக்கும் எடுத்திருக்கிறதா, அருகிலுள்ள பாலிகிளினிக் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் படை ஆவணத்திலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. கணவர் உயிருடன் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடியும் திருத்தம், அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மாவை மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

குறுகிய காலம் மட்டும் பணியாற்றி, ஓய்வூதியமே இல்லாதவர்களும் உண்டு. 65 வயதைக் கடந்த அப்படிப்பட்டவர்களுக்கு வறுமை நிவாரண உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

4. ஆள் இல்லாத இரவுக்கு முன்கூட்டியே முடிவெடுங்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோல்யோக் நகரில் மாநில அரசு நடத்தும் படைவீரர் இல்லம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 27 அன்று, பணியாளர் போதவில்லை என்பதற்காக மறதி நோயாளிகளின் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். கொரோனா தொற்று இருந்தவர்களும் இல்லாதவர்களும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். சாப்பாட்டு அறையிலும் கட்டில்கள் போடப்பட்டன. அந்தப் பரவலில் குறைந்தது 76 பேர் இறந்தார்கள். அந்தப் பிரிவுகளை இணைத்ததைத்தான் பின்னர் வந்த விசாரணை அறிக்கை மிகக் கடுமையாகச் சாடியது.

வைரஸ் வருவதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் "ஆள் இல்லை, என்ன செய்வது?" என்ற கேள்விக்கு, பதற்றத்தில் ஒரே நாளில் பதில் தேடியதுதான் கேட்டைப் பெருக்கியது. உங்கள் இல்லத்தில் அந்தக் கேள்வி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும். நான்கு பேர் வர வேண்டிய பணிக்கு இரண்டு பேர் வந்தால் எதை விடலாம், எதை விடவே கூடாது என்று இப்போதே எழுதுங்கள். தரை துடைப்பதை விடலாம். துணி மடிப்பதை விடலாம். நகர முடியாதவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, தண்ணீர் கொடுப்பது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, நேரத்துக்கு மருந்து, தொற்று உள்ளவரைத் தனியே வைப்பது ஆகிய ஐந்தும் எந்த நிலையிலும் நிற்கக் கூடாது. யாரை அழைக்க வேண்டும் என்ற தொலைபேசிப் பட்டியலும் அதே தாளில் இருக்கட்டும்.

சாதாரண நாட்களுக்கு ஒரே ஒரு விதி சொல்வேன்: ஒரு பெரியவருக்கு ஒரே பணியாளர், மாதக்கணக்கில். வாரம் ஒரு முறை வார்டு மாற்றுவது நிர்வாகத்துக்கு நியாயமாகத் தெரியும். ஆனால் நேற்றுவரை இரண்டு தோசை சாப்பிட்டவர் இன்று அரைத் தோசையில் நிறுத்தினார் என்பது, தினமும் பார்ப்பவருக்கு மட்டுமே கண்ணில் படும். வலியை வாயால் சொல்லாத மனிதர்களிடம் இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. பணி ஒப்படைப்பு அலுவலக அறையில் நடக்க வேண்டாம். கட்டிலருகே, அவர் காதில் விழும்படி நடக்கட்டும். இரவுப் பணிக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள். இதற்குப் பணம் இல்லை என்று சொல்லும் அறங்காவலர் குழு நுழைவாயில் வளைவுக்கு எவ்வளவு செலவழித்தது என்று கேளுங்கள்.

5. வலி, காது, மாத்திரை, விழுதல்

"வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். அதே நேரம் அவருடைய வலது கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும், விரல் கணுக்கள் வெளுத்திருக்கும். கையைப் பாருங்கள். கேள்வியையும் மாற்றுங்கள். "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வருகிறது?", "எழுந்து நிற்க எது தடையாக இருக்கிறது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். பேச முடியாத அளவுக்கு மறதி நோய் முற்றியவர்களுக்கு, மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்துத் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் ஒரு அளவுகோல் இருக்கிறது. பெய்னாட் என்று பெயர். மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் உள்ள படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் உருவாக்கி 2003இல் வெளியிட்டது. உங்கள் செவிலியர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். குளிப்பாட்டும்போதும் திரும்பிப் படுக்க வைக்கும்போதும் போடுங்கள். சும்மா படுத்திருப்பவருக்குப் போட்டுப் பார்த்துப் பயனில்லை.

காது விஷயத்தில் இல்லங்கள் காட்டும் அலட்சியம் எனக்குக் கோபம் வரவழைப்பது. கேட்காதவர் தப்பான பதில் சொல்வார், பிறகு பேச்சைக் குறைப்பார், பிறகு சாப்பாட்டு அறைக்கே வர மாட்டார். மூன்று மாதத்தில் "மனச்சோர்வு" அல்லது "மறதி நோய்" என்று கோப்பில் ஏறிவிடும். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி இருந்தால் பேட்டரி மாற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில், ஒரு கிழமையில் வையுங்கள். மேசை இழுப்பறையில் பேட்டரி தீர்ந்து கிடக்கும் கருவிகளை எண்ணினாலே உங்கள் இல்லத்தின் தரம் தெரிந்துவிடும். பேசும்போது உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி நில்லுங்கள். கத்த வேண்டாம், தாழ்ந்த குரலில் நிதானமாகச் சொல்லுங்கள்.

மாத்திரைகளுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒருவருடைய எல்லா மாத்திரைகளையும் மேசையில் கொட்டுங்கள். பாலிகிளினிக்கில் வாங்கியது, தனியார் மருத்துவர் எழுதியது, மகன் கடையில் வாங்கி வந்தது என்று மூன்று வழிகளில் வந்திருக்கும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருப்பது சாதாரணம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கிடைக்கும் பழைய ரக ஒவ்வாமை மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பத்தை உண்டாக்கும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரையே அடைத்துவிடும். மறதி நோயில் ஆத்திரப்படுபவரை அடக்கக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள், அப்படிப்பட்ட முதியவர்களின் மரண வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பட்டியலை மருத்துவர் முன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் "இது இன்னும் ஏன் வேண்டும்?" என்று கேளுங்கள்.

விழுவதற்கும் மாத்திரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அவர் எழும்போது தலை சுற்றும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, கைப்பிடி, தரையில் இழுபடாத உயரத்தில் வேட்டி அல்லது கைலி, பின்பட்டை உள்ள செருப்பு. தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கி எறியுங்கள். கட்டிலின் பக்கக் கம்பியை எல்லோருக்கும் ஏற்றிவைக்காதீர்கள். எழ நினைத்த பழைய சிப்பாய் அதைத் தாண்டித்தான் இறங்குவார், விழும் உயரம்தான் கூடும். கட்டிவைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

நகர முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புங்கள், குதிகாலைப் பாருங்கள். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோம் என்பது திருப்பாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

6. நாலரை மணித் தேநீரும் தீபாவளி வெடியும்

பட்டாளத்தில் இருந்தவர் அதிகாலை நாலு, நாலரைக்கு விழிப்பார். இல்லத்தின் கால அட்டவணையில் காலை ஆறுக்குத்தான் தேநீர். நடுவில் நடமாடுகிறார் என்பதற்காகத் தூக்க மாத்திரை எழுதப்படுகிறது. அந்த மாத்திரையால் அவர் விழுகிறார், இடுப்பு உடைகிறது. இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்க ஒரு ஃபிளாஸ்க் போதும். நாலரைக்குத் தேநீர், ஒரு விளக்கு, செய்ய ஒரு வேலை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, செய்தித்தாள்களை அறைவாரியாகப் பிரிப்பது என்று எதுவானாலும் சரி. மேலே எடுத்துவைத்த தூக்க மாத்திரைப் பட்டியலில் எத்தனை பேர் உண்மையில் தூங்காதவர்கள், எத்தனை பேர் நேரத்தோடு விழிப்பவர்கள் என்று பிரித்துப் பாருங்கள்.

வேலையும் குடும்பமும் இருந்தவரை அடங்கிக் கிடந்த போர் நினைவுகள், ஓய்வுக்கும் மனைவியின் இறப்புக்கும் பிறகு எழுந்து வருவது உண்டு. நம் ஊரில் அதற்குத் தீபாவளி ஒரு சோதனை. எதிர்பாராத நேரத்தில் வெடிக்கும் ஒவ்வொரு வெடியும் ஒரு நினைவைக் கிளப்பலாம். ஒரு வாரம் முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். தெருவிலிருந்து தள்ளியுள்ள அறைக்கு அன்று மட்டும் மாற்றலாம். மெதுவாக வானொலி ஓடட்டும், பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும். தெருப் பிள்ளைகளிடம் போய், எந்த நேரத்தில் வெடிப்பார்கள் என்று கேட்டுவைத்தால் அது இன்னும் நல்லது. முன்கூட்டியே தெரிந்த சத்தம் அவ்வளவு உலுக்காது.

சேர்க்கையின்போது கேட்கச் சங்கடப்படும் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று குடி. ராணுவ கேன்டீன் ரம் பல வருடப் பழக்கமாக இருக்கும். இல்லத்தில் சேர்ந்த அன்றே முற்றாக நின்றால், இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் பிதற்றலும் வலிப்பும் வரலாம், உயிரே போகலாம். ஒழுக்கப் பிரசங்கம் செய்யாமல், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நேராகக் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றொன்று துப்பாக்கி. ஓய்வுக்குப் பிறகு வங்கிக் காவலராக வேலை பார்த்த பலரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கும். அது இப்போது எங்கே இருக்கிறது, உரிமம் என்ன ஆயிற்று என்று குடும்பத்திடம் கேளுங்கள். மனமுடைந்த முதியவருக்கும் துப்பாக்கிக்கும் நடுவே தூரம் இருக்க வேண்டும்.

7. தண்ணீர்த் தொட்டி

இல்லினாய் மாநிலத்தின் குவின்சி படைவீரர் இல்லத்தில் 2015இல் லீஜியனேர்ஸ் என்னும் நிமோனியா பரவி 12 முதியவர்கள் இறந்தார்கள். கிருமி வாழ்ந்த இடம் கட்டடத்தின் தண்ணீர் அமைப்பு. (1976இல் ஃபிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டில்தான் இந்த நோய் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்தது.) வெதுவெதுப்பான, தேங்கி நிற்கும் தண்ணீரில் இது வளரும். வெயிலில் காயும் நம் மாடித் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை முறையாகக் கழுவுங்கள். யாரும் பயன்படுத்தாத அறைகளின் குழாய்களையும் ஷவர்களையும் வாரம் ஒரு முறை திறந்துவிடுங்கள். வெந்நீரை 60 டிகிரியில் சேமியுங்கள், ஆனால் குழாயில் வரும்போது கலந்து ஆறியிருக்க வேண்டும். மெல்லிய முதிய தோல் நொடிகளில் வெந்துவிடும்.

8. ஒரு கதவு, ஒரு பூட்டு

லண்டனில் 1682இல் இரண்டாம் சார்லஸ் தொடங்கிய செல்சி ராயல் மருத்துவமனை, இன்றும் வயதான படைவீரர்களின் இல்லமாக நடக்கிறது. ஆரம்பத்தில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மரத்தடுப்பு அறை ஆறடிக்கு ஆறடி. பின்னர் ஒன்பதடிக்கு ஒன்பதடி. கடைசியாகச் செய்த சீரமைப்பில்தான் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கழிப்பறையும் ஜன்னலும் கிடைத்தன. முந்நூறு வருடப் புகழ் பெற்ற இடத்துக்கே அவ்வளவு காலம் ஆயிற்று. பேரக்கில் வரிசையாகப் படுத்துப் பழகியவர்தானே என்ற வாதம் செல்லாது. இருபது வயதில் பொறுத்ததை எண்பது வயதிலும் பொறுக்க வேண்டியதில்லை. தனியறைக்கு வழியில்லை என்றால் கட்டில்களுக்கு நடுவே திரை, ஒவ்வொருவருக்கும் பூட்டும் சாவியும் உள்ள பெட்டி, உள்ளே தாழிடக்கூடிய, அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடிய குளியலறைக் கதவு. பதக்கங்களை அலுவலக அலமாரியில் காட்சிக்கு வைக்காதீர்கள். அவை அவருடையவை, அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

9. புகார் பெட்டியை எடுத்துவிடுங்கள்

அதில் எதுவும் விழாது. புகார் சொல்வது அவருக்குக் கோழைத்தனமாகத் தோன்றும். ஆனால் ஒரு பொறுப்பைக் கொடுத்து அறிக்கை கேட்டால், அவரைவிடக் கறாராக யாரும் எழுத மாட்டார்கள். முன்பு லங்கரில், அதாவது படையின் சமையற்கூடத்தில், இருந்தவரைச் சமையலறைக்குப் பொறுப்பாக்குங்கள். பொறியாளர் படையில் இருந்தவர் கைப்பிடிகளையும் குழாய்களையும் பார்க்கட்டும். வாரம் ஒரு நாள் பதினொரு மணிக்கு மேலாளர் உட்கார்ந்து வாய்மொழி அறிக்கை கேட்க வேண்டும். போன வாரம் சொன்னது என்ன ஆயிற்று என்பதுதான் முதல் விஷயம். இரண்டு வாரம் தொடர்ந்து ஒன்றும் நடக்காவிட்டால் மறுபடியும் "ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" திரும்பி வந்துவிடும்.

பதவி வரிசை இங்கே தலைகாட்டும். ஓய்வு பெற்ற அதிகாரியின் முன்னால் சிப்பாய் வாய் திறக்க மாட்டார். இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மரியாதைச் சொல்லில் பதவி இருக்கட்டும். யாருக்கு முதலில் வெந்நீர் என்பதில் இருக்கக் கூடாது. இல்லத்தில் கணவரோடு தங்கியிருக்கும் மனைவியரையும் விதவைகளையும் மறந்துவிடாதீர்கள். இவ்வளவு ராணுவப் பேச்சின் நடுவே அவர்களுடைய குறைகள்தான் முதலில் காணாமல் போகும்.

10. கடைசி நாட்கள்

நினைவு தெளிவாக இருக்கும்போதே பேசுங்கள். வென்டிலேட்டர் வேண்டுமா, எங்கே இருக்க விரும்புகிறார், யாருக்குச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்த முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தின் நடைமுறை 2023இல் எளிமையாக்கப்பட்டிருக்கிறது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். மரணத்தைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளும் பணியாளர்களும்தான்.

கடைசி நேரத்தில் அவர் யாரையோ தேடினால், இறந்துபோன தோழனைப் பெயர் சொல்லி அழைத்தால், திருத்த வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். இறந்த பின் உடலைப் பின்வாசல் வழியாக அவசரமாக வெளியேற்றும் வழக்கத்தை நிறுத்துங்கள். அமெரிக்கப் படைவீரர் இல்லங்கள் பலவற்றில் முன்வாசல் வழியாக, மற்றவர்கள் வரிசையில் நிற்க வழியனுப்புகிறார்கள். இங்கேயும் செய்யலாம். தேசியக் கொடியை மட்டும் நீங்களாகப் போர்த்தாதீர்கள். அரசு மரியாதை அல்லது படைகளின் இறுதிச் சடங்கு தவிர மற்றவற்றில் அப்படிச் செய்வது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவருடைய ரெஜிமென்ட் நிறங்களில் ஒரு துணியை முன்பே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட நல அலுவலகத்துக்கும் பழைய படைப்பிரிவுச் சங்கத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள். மதராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால், ஊரில் இருக்கும் பழைய தோழர்கள் இரண்டு பேராவது வந்து நிற்பார்கள்.

11. மூன்று மாதம் கழித்து

முதலில் எடுத்த அதே கணக்கை, அதே நோட்டில், மறுபடியும் ஓர் இரவும் ஒரு ஞாயிறும் தங்கி எடுங்கள். விழுந்தவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கலாம். பயந்துவிடாதீர்கள். முன்பு மறைக்கப்பட்டவை இப்போது எழுதப்படுகின்றன என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எலும்பு முறிவுகளும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவையும் கூடியிருக்கின்றனவா என்று தனியே பாருங்கள். அவை கூடவில்லை என்றால் பதிவு நேர்மையாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். "இந்த மாதம் ஏன் இத்தனை பேர் விழுந்தார்கள்?" என்று அறங்காவலர் குழுக் கூட்டத்தில் இரவுப் பணியாளரை நிற்க வைத்துக் கேட்டீர்கள் என்றால், அடுத்த மாதப் பதிவேட்டில் யாருமே விழுந்திருக்க மாட்டார்கள்.